ஒட்டி வந்த உயிர்

கடலுக்கும் நம் தருமபுரி மாவட்டத்துக்கும் நேரடி உறவு ஏதும் இல்லை. காவிரி ஒகேனக்கல் பாறைகளிடையே இறங்கி மேட்டூரை நோக்கிச் சென்றுவிடுகிறது. கடலைக் காண வேண்டுமானால் நாம்தான் பயணம் செய்ய வேண்டும். அத்தகைய ஊரிலும் இன்று வீட்டின் கூடத்தில் கடல் வந்து அமர்ந்திருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, அதில் பாறையும் பாறைமேல் மென்பவளங்களும் அமைத்து, கோமாளி மீன்களை நீந்தவிடும் பழக்கம் பெருநகரங்களிலிருந்து மெல்ல மெல்ல நம் பக்கமும் பரவி வருகிறது. அப்படிப்பட்ட தொட்டி ஒன்றில் எழுந்த சிறு சிக்கலைக் கொண்டு, சிராவகர் யாவரும் சிந்திக்கற்பாலதாகிய ஒரு வினாவை இங்கு ஆராய விழைகிறேன்.

உறவினர் இல்லம் ஒன்றில் நிகழ்ந்தது இது. அவ்வீட்டு இளைஞர் விலைகொடுத்து வாங்கியவை பாறைகளும், நான்கு மீன்களும், சட்டைப் பொத்தான் போல வரிசையாக விரிந்து நிற்கும் வண்ணப் பாலிப்புகளும் மட்டுமே. சில திங்கள் கழித்துத் தொட்டியின் கண்ணாடியில், சுண்டுவிரல் நகத்தினும் சிறியதாய், வெளிறிய சாம்பல் நிறத்தில் நட்சத்திரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த திங்களில் பத்து. அதன்பின் எண்ண இயலவில்லை. இவற்றை யாரும் வாங்கவில்லை. வண்டியில் இடம் கேட்டு ஏறிக்கொள்ளும் வழிப்போக்கரைப் போலப் பாறையில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவை. உலகெங்கும் தொட்டி வளர்ப்போர் இவற்றை ‘அஸ்டெரினா’ என்று பொதுப்பெயரால் அழைக்கின்றனர். அப்பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இந்தோ-பசிபிக் வகைகள் பலவற்றை அறிவியலார் 2004-இல் ‘அக்விலோனாஸ்ட்ரா’ என்னும் வேறு பேரினமாகப் பிரித்துவிட்டனர். எனினும் பழைய பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது.

பாலிப்புகள் சில சுருங்கத் தொடங்கின. அவற்றின்மேல் நட்சத்திரங்கள் அமர்ந்திருக்கக் கண்ட இளைஞர் கலங்கினார். தொட்டிப் பொருள் விற்பவர் இரண்டு வழி கூறினார். ஒன்று, இடுக்கியால் எடுத்து வெளியே எறிதல். மற்றொன்று, நட்சத்திர மீன்களையே உண்டு வாழும் ‘ஹார்லெக்வின்’ என்னும் அழகிய இறாலை வாங்கி விடுதல். இளைஞருக்கு இரண்டாம் வழி உவப்பாயிற்று. நீரை வடிகட்டாமல் அருந்தாத, கிழங்கு வகைகளை விலக்கிய அவருடைய தாயாரோ, இரண்டும் இவ்வீட்டில் நடவாது என்று கூறிவிட்டார். “இறால் உண்பது அதன் இயல்பு, பாட்டி. நான் கையால் தொடவே போவதில்லை. இதில் எனக்கு என்ன பாவம்? நீங்களே சொல்லுங்கள்” என்று அவ்விளைஞர் என்னிடம் வினவினார்.

விடை கூறுமுன், எவ்வுயிரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அறிய வேண்டும். நட்சத்திர மீன் மீனன்று. முட்தோலிகள் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்குக் குருதி இல்லை. உடலுள் ஓடும் நீர்க்குழாய் மண்டலத்தின் விசையால் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களை நீட்டியும் சுருக்கியும் நகர்கிறது. உணவின்மேல் அமர்ந்து, தன் இரைப்பையையே வாய் வழியாக வெளியே விரித்துச் செரித்துவிட்டு மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூளை என்று தனி உறுப்பு கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும், கைகள்தோறும் ஒரு நரம்புக் கயிறும் உள்ளன. ‘மூளையே இல்லாத பிராணிதானே’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மரபணுக்கள் உடலில் எங்கெங்கே தொழிற்படுகின்றன என்று ஆராய்ந்தவர்கள், நட்சத்திர மீனின் உடலில் பெரும்பகுதி பிற விலங்குகளின் தலைப்பகுதிக்கு ஒப்பானது என்று 2023-இல் வெளியிட்டனர்!

நம் நூல்கள் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுக்கின்றன. சங்கும் சிப்பியும் புழுவும் தொடுதலும் சுவைத்தலும் உடைய ஈரறிவுயிர். எறும்பு மோப்பமும் சேர்ந்த மூவறிவுயிர். ஈயும் வண்டும் பார்வையும் உடைய நாலறிவுயிர். நட்சத்திர மீனுக்குத் தொடுதல் உண்டு. நீரில் கரைந்து வரும் மணத்தையும் சுவையையும் உணர்ந்து இரையை நாடுகிறது. கையின் நுனி ஒவ்வொன்றிலும் ஒளியை உணரும் சிறு கண்புள்ளியும் உண்டு. அது வெறும் வெளிச்சத்தை அறிவதற்கு மட்டுமன்று. நீலநிற நட்சத்திர மீனைப் பவளப்பாறையிலிருந்து சிறிது தொலைவில் விட்டால், அது பாறையைக் கண்டு திரும்பி நடந்து வருகிறது என்றும், கண்புள்ளிகள் நீக்கப்பட்டவை திசை தெரியாது அலைகின்றன என்றும் 2014-இல் ஆய்வொன்று மெய்ப்பித்தது. (இவ்வறிவைப் பெற்ற முறை நமக்கு உவப்பானதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) ஆகவே, சங்கோடு சேர்த்து ஈரறிவு என எண்ணி நாம் ஒதுக்கிவிடக்கூடிய இச்சிற்றுயிரை வண்டின் வரிசையில் வைக்கவும் இடமுண்டு. எவ்வாறாயினும் அது இயங்குயிர். இயங்குயிரை எண்ணித் துணிந்து கொல்லாமை இல்லறத்தாரின் முதல் அணுவிரதம்.

இங்கு ஒரு நுட்பமான ஐயம் எழலாம். இந்த நட்சத்திரங்கள் பெருகும் வகை விந்தையானது. ஆணும் பெண்ணும் கூடாமலே, நடு வட்டம் இரண்டாகக் கிழிந்து, ஒவ்வொரு பாதியும் ஒரு திசையில் நடந்துவிடுகிறது. இழந்த கைகள் பிறகு முளைக்கின்றன. அதனால்தான் இரண்டு கை நீண்டும் நான்கு கை குறுகியும் கோணலாகக் காண்கிறோம். அவ்வாறாயின் முன்பிருந்த உயிர் எந்தப் பாதியில் இருக்கிறது? உயிர் பகுக்கப்படாதது என்பது நம் கொள்கை. ஆதலின் ஓருயிர் இரண்டாயிற்று என்று கொள்வதற்கில்லை. கருப்பமின்றி, ஏற்ற புற்கலம் கூடிய இடத்தில் உயிர் வந்து உடல்கொள்வதைச் சம்மூர்ச்சனப் பிறப்பு என்று நூல்கள் கூறும். பிரிந்த பாதியொன்றில் புதியதோர் உயிர் அவ்வாறு வந்து புகுந்தது என்று கொள்வதே பொருந்தும் என்பது என் எண்ணம். கற்றறிந்தோர் வேறு விளக்கம் தரின் ஏற்பேன். ஆனால் ஒன்றை மட்டும் ஏற்க இயலாது. ‘வெட்டினாலும் பிழைத்துக்கொள்ளும், ஆகவே வெட்டலாம்’ என்று சிலர் கூறுகின்றனரே, அதனை. சிப்பி வளர்த்த மேலைநாட்டு மீனவர்கள் முற்காலத்தில் நட்சத்திர மீன்களைத் துண்டாக்கிக் கடலில் எறிந்தனர் என்றும், நடு வட்டத்தின் பகுதி ஒட்டிய துண்டுகள் மீண்டும் முழுமையாக வளர்ந்து பெருகின என்றும் கூறுவர். அது அவர்களுடைய கணக்குத் தவறியதைக் காட்டுகிறது. வெட்டுண்ட உயிர்க்கு நோவு இல்லை என்பதை அது காட்டவில்லை.

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். இறால் கொன்றால் அது இறாலின் வினை, எனக்கில்லை என்கிறார். நாற்பது மாணவர் இருந்த வகுப்பில் பல்லாண்டு நின்றவள் நான். “நான் அடிக்கவில்லை டீச்சர், அவனைத்தான் அடிக்கச் சொன்னேன்” என்று கைகட்டி நிற்கும் பையனை ஆசிரியர் எவரும் அறிவர். அவனை நாம் விட்டுவிடுவதில்லை. ஏவியவனுக்கு இரண்டடி கூடுதலாகவே விழும் காலமும் ஒன்றிருந்தது. நம் அறநூல்கள் இதனைத் தெளிவாக வகுத்துள்ளன. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. அவை ஒவ்வொன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்று வழியாக நிகழ்வதால் ஒன்பது. இறாலை வாங்கி விடுதல் செய்வித்தலின்பாற்படும். பூனை முதலிய கொல்லும் பிராணிகளை வளர்ப்பதைச் சிராவகாசார நூல்கள் பயனில் தீச்செயல்களுள் வைத்து விலக்கியது இக்கருத்துப் பற்றியே. இறால் பூனையைவிடச் சிறியது என்பதால் விதி மாறாது.

“கடலிலும் இறால் இதைத்தானே தின்கிறது?” என்று மீண்டும் கேட்டார். நியாயமான கேள்வி. கடலில் இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தவர் யாருமில்லை; ஒளியப் பிளவுகளும் ஓடப் பரப்பும் உண்டு. நான்கு கண்ணாடிச் சுவருக்குள், இன்னது நிகழ வேண்டும் என்னும் நோக்கத்தோடே, பணம் கொடுத்து நாம் சேர்க்கிறோம். சோர்வும் ஆசையும் கலந்த மனத்தோடு உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. இறாலிடத்து அந்த நோக்கம் இல்லை. அது பசிக்கு உண்கிறது. நோக்கம் முழுவதும் நம்முடையது.

அந்த இறால் உண்ணும் விதத்தையும் கேட்டறிந்தேன். நட்சத்திர மீனைப் புரட்டிப்போட்டு, கை நுனியிலிருந்து நடு வட்டத்தை நோக்கிச் சிறிது சிறிதாக உண்ணும். இரை பெரிதாயின் முடிக்கப் பல நாள் ஆகும். அதுவரை இரை உயிரோடிருக்கும். தொட்டியில் உள்ள சிறு நட்சத்திரங்கள் தீர்ந்தபின் என்ன நிகழும்? இறாலுக்கு வேறு உணவு செல்லாது. பட்டினி கிடந்து மாயும். அதனைத் தவிர்க்க வளர்ப்போர் பெரிய நட்சத்திர மீன் ஒன்றை வாங்கி, வேறு தொட்டியில் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு கையாக வெட்டி இறாலுக்கு இடுகின்றனராம்! கொல்லாமை விரதத்துக்கு உமாசுவாமி கூறிய ஐந்து அதிசாரங்களை நினைவுகூர்க. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கையால் கொல்ல அஞ்சி இறாலை நாடியவர், இறால் பட்டினி கிடந்தால் ஒன்றிலும், அதற்காக நட்சத்திரத்தின் கையை வெட்டினால் மற்றொன்றிலும் சிக்குகிறார். இடுக்கியால் எடுத்து எறிபவர் கொலை ஒன்றைத்தான் செய்கிறார், அதையும் தாமே செய்வதாக அறிந்து செய்கிறார். இரண்டும் தீதே. ஆயினும் இவ்விரண்டில் இறால் வழியே தீதிற் பெரிதென்று நான் தயங்காது சொல்வேன்.

இளைஞரின் தாயார் சொன்ன மூன்றாவது வழி என்னை நெடிது சிந்திக்க வைத்தது. “எல்லாவற்றையும் ஒரு குடத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிடலாமே” என்றார் அவர். நம் மரபில் வந்த நல்ல எண்ணம் அது. நீரை வடிகட்டிய துணியில் தங்கும் நுண்ணுயிர்களை வேறெங்கும் உதறாமல், எந்தக் கிணற்றிலிருந்து நீர் முகந்தோமோ அதே கிணற்றில் மெல்லச் சேர்ப்பது முறை. இதனை ஜீவாணி என்பர். சிறுமியாயிருந்தபோது, ‘எந்த நீராயிருந்தால் என்ன, நீர்தானே’ என்று எண்ணியதுண்டு. அதே கிணறு என்று பெரியோர் வற்புறுத்தியது ஏன்? ஒரு நீரில் வாழ்வது மற்றொரு நீரில் வாழாது. வாழ்ந்தாலும் அங்குள்ளவற்றுக்கு அது தீங்காகலாம்.

இந்த நட்சத்திரங்கள் எந்தக் கடலிலிருந்து வந்தவை? தொட்டிக்காரருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. அவற்றைக் கொண்டுபோய் மன்னார் வளைகுடாவில் விடுவது வேறு கிணற்றில் ஊற்றுவது போன்றதே. இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த அக்கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. பயிரிடுவதற்கென அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்ட ‘கப்பாபைகஸ்’ என்னும் கடற்பாசி அங்குள்ள குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து மூடுவதை 2008-இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். பிற கடல்களிலும் இத்தகைய செய்திகள் உண்டு. 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில் சிறு திட்டாகக் காணப்பட்ட ‘காலர்ப்பா’ என்னும் தொட்டிப் பாசி, மத்தியதரைக் கடலில் பல்லாயிரம் ஏக்கர் பரவிற்று. நம் பக்கத்துக் கடல்களுக்குரிய சிங்கமீன் 1985-இல் ஃபுளோரிடாக் கரையில் முதலில் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அவை என்று கருதப்படுகிறது. இன்று கரீபியக் கடல் முழுவதும் அங்குள்ள சிறு மீன்களை அது உண்டு வருகிறது. விட்டவர்கள் இரக்கத்தால்தான் விட்டிருப்பர். பாதியாய்க் கிழிந்தே பெருகவல்ல ஓருயிரை, ஒன்றே ஒன்றாயினும், அறியாத கடலில் விடுவதை ஜீவதயை என்று நான் கூறமாட்டேன். தாயார் இதனைக் கேட்டு வருந்தினார்.

கொல்லவும் கூடாது, ஏவவும் கூடாது, விடவும் கூடாது என்றால் செய்வதென்ன?

முதலில் குற்றம் நிகழ்ந்ததா என்று விசாரிக்க வேண்டும். கரும்பலகையில் கிறுக்கியவன் யார் என்று கேட்டதும், பலகையருகே நிற்பவனைத்தான் வகுப்பு முழுவதும் சுட்டிக்காட்டும். இச்சிறு நட்சத்திரங்களில் பெரும்பாலானவை கண்ணாடியிலும் பாறையிலும் படியும் மென்பாசிப் படலத்தை உண்பவை. சில வகைகள் பாறையின் செந்நிறப் பாசியைச் சுரண்டும். பாலிப்புகளை உண்பவை ஒருசில என்கின்றனர் அனுபவமுடையோர். வேறு காரணத்தால் நலிந்து அழுகும் பாலிப்பின்மேல் மிச்சம் உண்ண வந்து அமர்ந்ததும் குற்றவாளியாகத் தோன்றும். நீரின் உப்பு மிகுந்தாலும் வெப்பம் ஏறினாலும் பாலிப்பு சுருங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மின்சாரமும் நின்றுவிட்டால் கேட்க வேண்டியதில்லை. நலமாக விரிந்திருந்த பாலிப்பின்மேல் நட்சத்திரம் சென்று அமர்ந்து அதன்பின் அது கெட்டதா என்று சில இரவுகள் விழித்துப் பார்க்கும்படி இளைஞரிடம் கூறினேன்.

அடுத்து, எண்ணிக்கை ஏன் பெருகிற்று? நான்கு மீன்களுக்கு எட்டு மீன்களின் உணவு விழுந்தது. எஞ்சியது கரைந்து பாசியாயிற்று, பாசி நட்சத்திரமாயிற்று. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலும் பெரிய அளவில் நிகழ்வது இத்தகையதே. முள்முடி நட்சத்திர மீன் என்னும் பவளந்தின்னி அங்கு 1960-களின் தொடக்கத்திலிருந்து அலையலையாகப் பெருகி வருகிறது. முக்குளிப்போர் ஒவ்வொன்றாகத் தேடிப் பித்த உப்போ காடியோ ஊசியால் செலுத்திக் கொல்கின்றனர். வயல்களிலிருந்து கடலில் கலக்கும் உரச்சத்து அதன் குஞ்சுகளுக்கு உணவைப் பெருக்குவதும், அதனை உண்ணும் மீன்களை மனிதர் மிகுதியாகப் பிடித்துவிட்டதும் காரணங்களாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். அழியும் பவளத்தைக் காக்க அங்கு ஊசி எடுப்பவரை இங்கிருந்து பழிக்க எனக்கு மனமில்லை. அவர் முன் ஆயிரம் உயிர்களின் வீடு இடிந்துகொண்டிருக்கிறது. நம் கூடத்துத் தொட்டிக்கு அந்த வாதம் பொருந்தாது. இங்கு இடிவது வாங்கிய பொருளின் அழகு மட்டுமே.

உணவைக் குறைத்தால் அது உணவு தடுத்தல் என்னும் அதிசாரம் ஆகாதோ என்று சிலர் கேட்கலாம். மீன்களுக்கு வேண்டியதை இட்டு, மிகையாக இறைப்பதை நிறுத்துவது தடுத்தலாகாது. ஆயினும் நட்சத்திரங்களில் சில அதனால் மெலியும் என்பதை மறைக்க வேண்டா. அதற்காகவே மற்றொன்றும் கூறினேன். தொட்டியின் கீழே, நீரைத் தூய்மை செய்யும் அடித்தொட்டி ஒன்று உண்டு. அங்கு பாசி வளரும், பாலிப்பு இல்லை. இடுக்கிக்கு மாறாக மென்மையான குழாயால் உறிஞ்சி எடுத்து நட்சத்திரங்களை அங்கே விடலாம். நாளடைவில் சில மேலே திரும்பி வரும். வரட்டும், மறுபடி எடுக்கலாம். நீர் மாற்றும்போது வடியும் நீரைத் துணியிட்டு வடிகட்டி, தங்கியதை அதே தொட்டியில் சேர்க்க வேண்டும். இந்தத் தொட்டி மட்டில் அதுவே ‘அதே கிணறு.’

இவ்வளவும் தொட்டி இருப்பதை ஏற்றுக்கொண்டு கூறியவை. அதற்கும் முந்திய வினா ஒன்று உள்ளது. கட்டிவைத்தல் முதல் அதிசாரம் என்றேனே, கண்ணாடிச் சுவரும் கட்டுத்தான். பாறை கட்டும் பவளங்களைச் சட்டம் 2001 முதல் புலிக்கும் யானைக்கும் நிகரான முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். மென்பவளத்துக்கும் மீனுக்கும் அத்துணைக் காப்பில்லை; ஆயின் அவற்றுக்கும் உயிர் உண்டு. நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பின்னரே பற்களையும் எலும்புகளையும் பற்றிய அச்சம் தணியத் தொடங்கிய மாவட்டம் நம்முடையது. இங்கு ஒரு குடம் தூயநீர் பிரிக்கப் பல குடம் கழிவாய்ப் போக்கி, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கலந்து கடல் சமைக்கிறோம். இதைச் சொன்னபோது இளைஞர் முகம் வாடிற்று. மீன்களை அவர் மெய்யாகவே நேசிக்கிறார், அதையும் கண்டேன். இருப்பவற்றை இறுதிவரை பேணுவது, புதிதாக எதுவும் வாங்காதிருப்பது என்று தாயும் மகனும் உடன்பட்டனர். கோமாளி மீன் நன்கு பேணினால் இருபது ஆண்டும் வாழும் என்பதால் அது சிறிய உடன்பாடு அன்று.

தொட்டியைக் கலைக்க நேரும் நாள் பற்றியும் ஒரு சொல். பாறைகளை மொட்டை மாடியில் காயவைத்துக் கட்டி வைத்துக்கொள்வது வழக்கமாம். ஒரு பகல் வெயிலில் நட்சத்திரங்கள் மட்டுமன்றிப் பாறைத் துளைகளில் வாழும் புழுவும் சிப்பியும் கடற்பஞ்சும் யாவும் மடியும். அதனால் பாறையை ஈரம் உலராமல், உப்புநீர் நிறைந்த வாளியில், தொட்டி வைத்திருக்கும் மற்றொருவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதில் நட்சத்திரங்கள் உண்டு என்பதைப் பெறுபவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்பாராயின் வேறொருவரைத் தேட வேண்டும்.